பான்டூன் போட்டுக்கு எந்த ப்ராப்? முதல்ல ஆர்பிஎம் என்னன்னு பாருங்க

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் நம்ம ஆளுங்க பான்டூன் போட் (அடியில நீளமான மிதவை ட்யூபுங்க, மேல தட்டையான தளம்) வாங்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது, "பாஸ், 22 அடி பான்டூன், 115 ஹெச்பி மெர்குரி இன்ஜின், எந்த ப்ராப் போட்டா நல்லா ஓடும்?" அப்படின்னு. ப்ராப்னா ப்ரொப்பல்லர், இன்ஜினுக்கு கீழ தண்ணிய தள்ளுற விசிறி. கேக்குறவங்களுக்கு வேண்டியது ஒரு பார்ட் நம்பர், அதை ஆர்டர் பண்ணிட்டு வேலைய முடிக்கணும். நான் பதிலுக்கு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், த்ராட்டில முழுசா தள்ளினா ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எவ்ளோ காட்டுது, அப்போ போட்ல எத்தனை பேர் இருந்தீங்க? முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது. ஸ்பீடு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும், அதுவும் டீலர் டெமோ காட்டுனப்போ ரெண்டு பேர் மட்டும் போன ஸ்பீடு.

போட்டுக்கு பின்னாடி தொங்குற எல்லா அவுட்போர்டு இன்ஜினுக்கும் ஃபுல் த்ராட்டில்ல இத்தனை ஆர்பிஎம்ல இருந்து இத்தனைக்குள்ள ஓடணும்னு கம்பெனி ஒரு ரேஞ்ச் குடுத்திருப்பாங்க, மேனுவல்ல இருக்கும். மெர்குரி 115 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது 5000ல இருந்து 6000, அதோட ப்ரோ எக்ஸ்எஸ் மாடலுக்கும் யமஹா எஃப்115க்கும் 5300ல இருந்து 6300. ப்ராப் செலக்ஷன்னு நம்ம பேசுறதெல்லாம் அடிப்படையில இந்த ரேஞ்சுக்குள்ள இன்ஜினை கொண்டு வந்து நிறுத்துற வேலைதான். ஸ்பீடு, மைலேஜ், பிக்கப் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். கார்ல அஞ்சாறு கியர் இருக்கு, அவுட்போர்டுக்கு முன்னாடி போக ஒரே ஒரு கியர், அதனால கியர் மாத்தணும்னா ப்ராப்பைத்தான் மாத்தணும். பெரிய பிட்ச் (ஒரு சுத்துக்கு அதிக தூரம் தள்ளுற) ப்ராப் போட்டுட்டு பத்து பேரை ஏத்திக்கிட்டு போறது, ஏற்காடு மலையில நாலாவது கியர்லயே ஏறுற மாதிரி, வண்டி நகரும், ஆனா இன்ஜின் படுற பாடு அதுக்குத்தான் தெரியும்.

படுற பாடுன்னு சும்மா சொல்லல. த்ராட்டில் முழுசா திறந்திருக்கு, காத்தும் பெட்ரோலும் உள்ள போய்க்கிட்டே இருக்கு, ஆனா லோடு அதிகமா இருக்கறதால இன்ஜினால சுத்த முடியல, அப்போ சிலிண்டருக்குள்ள ப்ரெஷரும் சூடும் ஏறும், டெட்டோனேஷன் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாம தானா வெடிக்கிறது) வர வாய்ப்பு அதிகமாகும், பிஸ்டன் ரிங் பக்கம் கார்பன் சேரும். ஆளுங்க இதைக் கவனிக்க மாட்டாங்க, ஏன்னா சத்தம் கம்மியா இருக்கும், "இன்ஜின் ஸ்மூத்தா ஓடுது" ன்னு நினைச்சுப்பாங்க. இதுக்கு நேர்மாறு சின்ன பிட்ச் போட்டு ஆர்பிஎம் ரேஞ்சைத் தாண்டி போறது, அது உடனே தெரிஞ்சிடும், ஆர்பிஎம் எல்லை தாண்டாம தடுக்கற ரெவ் லிமிட்டர் வந்து இன்ஜின் திக்கித் திக்கி வெட்டும், கைய கொஞ்சம் பின்னால இழுத்தா சரியாயிடும். என்னைக் கேட்டா ரெண்டுல எது பரவாயில்லன்னா, கொஞ்சம் சின்ன பிட்ச் பக்கம் சாய்றதுதான் பரவாயில்ல, அதுலயும் பான்டூனுக்கு கண்டிப்பா.

பான்டூனுக்கு மட்டும் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இந்த போட்டோட வெயிட் ஒவ்வொரு தடவையும் மாறும். மீன் பிடிக்கிற சாதாரண பாஸ் போட்ல ரெண்டு பேர், மிஞ்சிப்போனா மூணு பேர். ரெண்டு ட்யூப் வெச்ச 22 அடி பான்டூன் அதுமட்டும் சுமாரா ஒரு டன், அதுல பத்து பெரியவங்க ஏறினா முக்கால் டன் கூடுது, அதுக்கு மேல ஐஸ் பாக்ஸ், பிரியாணி அண்டா, பசங்க உக்காந்து போட்டுக்கு பின்னாடி இழுபட்டு வர்ற காத்து ட்யூப், முழு பெட்ரோல் டேங்க். நம்ம குடும்பங்கள்ல "ரெண்டு பேர் மட்டும் போலாம்" ங்கிற ட்ரிப்பே கிடையாது, தெரிஞ்சதுதானே. அப்போ ரெண்டு பேரோட டெஸ்ட் பண்ணி செலக்ட் பண்ண ப்ராப் யாருக்கு? இந்த போட்டோட பிறப்பே அப்படி, 1950கள் தொடக்கத்துல மினசோட்டாவுல ஆம்ப்ரோஸ் வீரஸ்னு ஒரு விவசாயி, இரும்பு பீப்பாய்களை வரிசையா வெல்டு பண்ணி மேல மரத் தளம் போட்டு, ஏரியில ஆடாம அசையாம நிறைய பேர் போற மாதிரி செஞ்சாரு. ஸ்பீடுக்குன்னு பொறந்த போட் இல்ல இது. இப்போ மூணு ட்யூப், 300 ஹெச்பின்னு வந்தாலும், ரெண்டு ட்யூப் 115 வெச்சிருக்கவங்க அந்த கணக்குல யோசிக்கக்கூடாது.

சரி, ப்ராப்புல எழுதியிருக்கற நம்பர் என்ன சொல்லுது. ரெண்டு அளவு இருக்கும், முதல்ல டயமீட்டர், அடுத்து பிட்ச், ரெண்டுமே இன்ச்சுல. பிட்ச்னா ப்ராப் ஒரு முழு சுத்து சுத்தும்போது தண்ணிய கெட்டியான பொருளா நினைச்சா எவ்ளோ தூரம் முன்னாடி போகணும்ங்கிற கணக்கு. 15 பிட்ச்னா ஒரு சுத்துக்கு 15 இன்ச். ஆனா தண்ணி வழுக்கும், அதனால நிஜத்துல அவ்ளோ போகாது, அந்த வித்தியாசத்துக்கு பேரு ஸ்லிப். டயமீட்டர் பத்தி நீங்க பெருசா கவலைப்பட வேண்டாம், பிட்சை முடிவு பண்ணா அந்த சீரிஸ்ல கம்பெனியே அதுக்கு ஏத்த டயமீட்டர் குடுத்திருப்பான், பிட்ச் குறைய குறைய பெரும்பாலும் டயமீட்டர் கொஞ்சம் கூடும். உங்க ப்ராப்புல நம்பர் தெரியலன்னா பெயின்ட்டை கொஞ்சம் துடைச்சுப் பாருங்க, பிளேடுங்க சேர்ற நடு உருளை, அதாவது ஹப்போட பக்கவாட்டுலயோ பின்னாடியோ குத்தியிருக்கும், சில சமயம் பார்ட் நம்பர் மட்டும்தான் இருக்கும், அதைத் தேடினா அளவு வந்துடும்.

ஸ்லிப்பை கணக்கு போடுறது கஷ்டமே இல்ல. ஆர்பிஎம்மை கியர் ரேஷியோவால (ப்ராப் ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதுங்கிறது) வகுத்து, பிட்ச்சால பெருக்கி, 1056ஆல வகுத்தா மைல் கணக்குல தியரி ஸ்பீடு வரும். அதுல ஜிபிஎஸ் காட்டுற ஸ்பீடு எத்தனை பர்சன்ட் குறையுதோ அதுதான் ஸ்லிப். கியர் ரேஷியோ முக்கியம், இதுல நிறைய பேர் கோட்டை விடுவாங்க, ஏன்னா மெர்குரி 115லயே ரெண்டு வகை இருக்கு, சாதாரண கியர்கேஸ் (ப்ராப்பை சுத்துற கியர் இருக்கற கீழ்ப் பகுதி) 2.07, கமாண்ட் த்ரஸ்ட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா 2.38. கமாண்ட் த்ரஸ்ட்ல கியர்கேஸ் பெருசு, பெரிய ப்ராப்பை மெதுவா சுத்தும், கனமான பான்டூனுக்கு அதுதான் சரி, புது போட் ஆர்டர் பண்றவங்களுக்கு ஆப்ஷன் இருந்தா யோசிக்காம அதை எடுங்க. ஆனா பக்கத்து டாக்ல நிக்கிற போட்ல 13 பிட்ச் நல்லா ஓடுதுன்னு அவனுக்கு என்ன கியர்கேஸ்னு பாக்காம நீங்களும் 13 வாங்குனா கணக்கு எங்கயோ போயிடும்.

ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன் யூஸ்டு பான்டூன் வாங்கினான், 22 அடி, ரெண்டு ட்யூப், 115 கமாண்ட் த்ரஸ்ட், வித்தவங்க போட்டிருந்தது மூணு பிளேடு அலுமினியம், 15 பிட்ச். ரெண்டு பேரா போனப்போ 5600 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ல 28 மைல், அருமையா இருந்துச்சு. அடுத்த வீக்கெண்ட் ரெண்டு குடும்பம் ஏறுச்சு, எங்க பக்கத்து லேனியர் ஏரியில புஃபோர்ட் டேம் பக்கம் போனோம், த்ராட்டில் முழுசா தள்ளியும் 4900க்கு மேல ஏறவே இல்ல. ஸ்பீடு 22. முன்பக்கம் தூக்கிக்கிட்டு, பின்னாடி பெருசா அலை கிளப்பிக்கிட்டு, ட்யூப் கட்டின பையன் தண்ணிக்குள்ளயே இழுபட்டுக்கிட்டு வர்றான், மேல எழவே மாட்டேங்குறான். "மச்சி, இன்ஜின்ல ஏதோ ப்ராப்ளம், மெக்கானிக்கிட்ட விடணும்" ன்னான். "இன்ஜின்ல ஒண்ணும் இல்லடா, வெயிட்டைப் பாரு" ன்னு சொன்னேன், அவன் நம்பல. அங்கயே போன்ல கணக்கு போட்டுக் காட்டினேன், 4900ஐ 2.38ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, 1056ஆல வகுத்தா 29 மைலுக்கு கொஞ்சம் மேல, ஓடுறது 22, ஸ்லிப் 25 பர்சன்ட். காலியா போனப்போ இதே ப்ராப்புக்கு ஸ்லிப் 16. ப்ராப் தண்ணிய தள்ளிக்கிட்டு இருக்கு, போட் போகல.

நாலு பிளேடு, 13 பிட்ச் அலுமினியம் போட்டோம். கிட்டத்தட்ட அதே கூட்டம், அதே ஏரி. 5300 ஆர்பிஎம், ஸ்பீடு அதே 22. ஸ்பீடு கூடலையேன்னு கேப்பீங்க, அவனும் அதைத்தான் கேட்டான், "200 டாலருக்கு மேல செலவு பண்ணி ஒரு மைல் கூட ஏறலயே மச்சி" ன்னு. ஆனா இன்ஜின் இப்போ அதோட ரேஞ்சுக்குள்ள இருக்கு, ஸ்லிப் 20க்கு வந்துடுச்சு, ட்யூப்ல இருக்கற பையன் இழுத்த உடனே மேல எழுந்துட்டான், 16, 17 மைல்ல மெதுவா போகும்போது போட் மூக்கை தூக்காம சமமா போகுது, அதுதான் பான்டூன்ல நாள் முழுக்க நாம போற ஸ்பீடு. இழப்பு என்னன்னா, காலியா போகும்போது டாப் ஸ்பீடு 28ல இருந்து 26ஆ குறைஞ்சுது, ஆர்பிஎம் 5900 வரைக்கும் போகுது, அதாவது லிமிட்டுக்கு உள்ளதான். காலியா 28 மைல் போறதுக்கு யாரு பான்டூன் வாங்குறா?

மேல சொன்னதுல ரெண்டு விஷயத்தை ஒண்ணா மாத்தியிருக்கோம், பிட்சும் பிளேடும், அதனால எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு தனியா பிரிச்சு சொல்ல முடியாது. பொதுவா பிட்ச்ல ஒரு இன்ச் குறைச்சா 150ல இருந்து 200 ஆர்பிஎம் ஏறும், கூட்டினா அதே அளவு இறங்கும், இதை மனசுல வெச்சுக்கிட்டா போதும், பாதி குழப்பம் தீரும். மூணு பிளேடுல இருந்து நாலு பிளேடுக்கு போனா, பிட்ச் அதே இருந்தா ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும், டாப் ஸ்பீடும் ஒண்ணு ரெண்டு மைல் குறையலாம், ஆனா பிடிப்பு கூடும், பின்பக்கத்தை தூக்கிக் குடுக்கும், திருப்பத்துல விடாது. அதனாலதான் மூணுல இருந்து நாலுக்கு மாறும்போது பிட்சை ஒண்ணு ரெண்டு இன்ச் இறக்கி வாங்குவாங்க. பிளேடோட ஓரத்துல லேசா உள்பக்கம் வளைச்சு விட்டிருப்பாங்க, அதுக்கு கப்பிங்னு பேரு, அதுவும் தண்ணிய நல்லா பிடிக்கும், ஆர்பிஎம்மை கொஞ்சம் இறக்கும், அதனால கப் உள்ள ப்ராப்பையும் இல்லாத ப்ராப்பையும் பிட்ச் நம்பரை மட்டும் வெச்சு கம்பேர் பண்ணாதீங்க. ஒரு கம்பெனி 13ம் இன்னொரு கம்பெனி 13ம் கூட ஒரே மாதிரி ஓடாது.

திருப்பத்துல விடாதுன்னு சொன்னேன்ல, பான்டூன்ல அது தனி தலைவலி. ஸ்டியரிங்கை நல்லா ஒடிச்சு திருப்பும்போது திடீர்னு இன்ஜின் "ங்ங்ங்ஙை" ன்னு கத்தும், ஆர்பிஎம் ஏறும், போட் மட்டும் அப்படியே நின்னுடும். எல்லாரும் இதை கேவிட்டேஷன்னு சொல்வாங்க, நிஜத்துல அது வென்டிலேஷன், மேல இருந்து காத்து ப்ராப்புக்குள்ள இழுக்கப்படுது. ரெண்டு ட்யூபுக்கு நடுவுல இன்ஜின் தொங்குது, அந்த ட்யூபுங்க கலக்கி விட்ட நுரைத் தண்ணிதான் ப்ராப்புக்கு வருது, அதனால இது சுலபமா நடக்கும். கேவிட்டேஷன்ங்கிறது வேற, பிளேடு மேல ப்ரெஷர் ரொம்ப குறைஞ்சு தண்ணியே ஆவியாகி குமிழ் குமிழா வெடிக்கிறது, அது பிளேடுல அரிச்ச மாதிரி சின்னச் சின்ன குழி போடும், பெயின்ட் உரியும். ரெண்டுக்கும் மருந்து வேற. வென்டிலேஷனுக்கு முதல்ல ட்ரிம்மை (இன்ஜினோட சாய்வு) உள்ள இறக்கிப் பாருங்க, அப்புறம் நாலு பிளேடு, அதுக்கும் அடங்கலன்னா இன்ஜின் மவுன்ட் உயரம். ப்ராப்புக்கு மேல தட்டு மாதிரி ஒண்ணு இருக்கும்ல, போட் நல்ல ஸ்பீடுல சமமா போகும்போது அது தண்ணி மட்டத்தை ஒட்டி இருக்கணும், ரொம்ப மேல தெரிஞ்சா இன்ஜினை மவுன்ட்ல ஒரு போல்ட் ஓட்டை அளவு கீழ இறக்கணும், சாதாரணமா ஒரு ஓட்டைக்கு முக்கால் இன்ச். இது ரேம்ப்ல நீங்களா செய்ற வேலை இல்ல, அந்த இன்ஜின் 160 கிலோவுக்கு மேல, ஹாய்ஸ்ட் வெச்சிருக்கற கடையில குடுங்க.

இன்னொண்ணு, ப்ராப் வாங்குறதுக்கு முன்னாடி போட்டை ஒருதடவை தண்ணிய விட்டு வெளிய எடுத்துப் பாருங்க. சம்மர் முழுக்க டாக்லயே கட்டிப் போட்டிருந்தா ட்யூப் அடியில பாசி வழுவழுன்னு படிஞ்சிருக்கும், அது ஒண்ணே சில நூறு ஆர்பிஎம்மை தின்னுடும். ட்யூப்ல எங்கயாவது வெல்டு விட்டு தண்ணி உள்ள போயிருந்தா கேக்கவே வேணாம், நீங்க ஒரு நீச்சல் குளத்தை இழுத்துட்டு போறீங்க, அதுக்கு எந்த ப்ராப்பும் மருந்து இல்ல. பிளேடு ஓரம் மடங்கியிருக்கா, துண்டு போயிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. இதெல்லாம் சரியா இருந்து அப்புறமும் ஆர்பிஎம் குறைஞ்சா மட்டும்தான் ப்ராப் பேச்சு.

டெஸ்ட் எப்படி பண்றதுன்னா, காத்து இல்லாத காலை நேரம், வழக்கமா போற கூட்டம், வழக்கமான சாமான், பாதிக்கு மேல பெட்ரோல். நேரா ஒரு நீளமான இடத்துல ஃபுல் த்ராட்டில் குடுத்து, ட்ரிம்மை கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்து ஸ்பீடு எங்க அதிகமாகுதோ அங்க நிறுத்தி, ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் ஸ்பீடையும் ஒருத்தர் குறிச்சுக்கணும், ஓட்டுறவர் இல்ல, வேற ஒருத்தர். அதே பாதையில திரும்பி வந்து மறுபடி. போட் டேஷ்ல இருக்கற ஸ்பீடோமீட்டரை நம்பாதீங்க, ஜிபிஎஸ்ஸ நம்புங்க. பழைய முள் வெச்ச டாக்கோமீட்டரும் சில சமயம் 200, 300 தப்பா காட்டும், மெர்குரின்னா கம்பெனியோட ஆப் ஒண்ணு இருக்கு, சின்ன மாட்யூல் மாட்டினா இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற ஆர்பிஎம்மே போன்ல வந்துடும். முழு லோடுல ரேஞ்சோட நடுவுல, காலியா போனா ரேஞ்சோட உச்சத்தை ஒட்டி, இப்படி அமைஞ்சா உங்க ப்ராப் சரி. அவ்ளோதான் ரகசியம்.

மலை மேல ஏரியில ஓட்டுறவங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு. உயரம் 1000 அடி ஏற ஏற இன்ஜின் பவர் சுமார் 3 பர்சன்ட் போகும். லேனியர் தண்ணி மட்டமே 1071 அடி, அது பெரிய விஷயமில்ல, ஆனா கொலராடோவுல டில்லன் ஏரி 9000 அடிக்கு மேல, அங்க கால்வாசி பவர் காணாம போயிடும், இங்க சரியா இருக்கற ப்ராப்பை அங்க போட்டா திணறும்.

இப்போ எல்லாரும் சண்டை போடுற மேட்டர், அலுமினியமா ஸ்டெயின்லெஸ்ஸா. ஸ்டெயின்லெஸ் பிளேடு மெலிசா இருக்கும், லோடுல வளையாது, அதனால அதே பிட்ச்ல கொஞ்சம் நல்லாவே ஓடும், பாக்கவும் பளபளன்னு இருக்கும், விலைதான் ரொம்ப அதிகம். அலுமினியம் அதைவிட நல்லாவே கம்மியா கிடைக்கும். மூணு ட்யூப், 150, 200 ஹெச்பி வெச்சிருக்கவங்க ஸ்டெயின்லெஸ் வாங்குங்க, அந்த பவருக்கு அலுமினியம் வளையும். ரெண்டு ட்யூப் 115, 90க்கு என் ஓட்டு நாலு பிளேடு அலுமினியத்துக்குத்தான், மெர்குரில ஸ்பிட்ஃபயர்னு வர்றது அந்த வகை, சோலஸ், டர்னிங் பாயின்ட் கம்பெனிங்களும் நல்லா செய்றாங்க. இதுக்கு காசு மட்டும் காரணம் இல்ல. லேனியர் ஒரு பள்ளத்தாக்கை டேம் கட்டி நிரப்புன ஏரி, அடியில பழைய மரக் கட்டைங்க, மேடுங்க எல்லாம் அப்படியே இருக்கு, தண்ணி இறங்கினா போன மாசம் மேல போன இடத்துல இந்த மாசம் பாறை தட்டும். 2007 வறட்சியில மட்டம் 1051 அடிக்கும் கீழ போச்சு, அதாவது 20 அடி. அப்படி எதுலயாவது தட்டும்போது அலுமினியம் பிளேடு மடங்கி தன்னையே குடுத்து கியர்கேஸை காப்பாத்தும். ஸ்டெயின்லெஸ் அவ்ளோ சுலபமா மடங்காது, அடி ஷாஃப்டுக்கும் கியருக்கும் போக வாய்ப்பு அதிகம், அங்க செலவு ஆயிரங்கள்ல. ஆத்து முகத்துவாரம் பக்கம், மேடு இருக்கற ஓரம் எல்லாம் ஓட்டுறவங்க அலுமினியம்தான் போடணும்னு நான் அடிச்சு சொல்வேன்.

ப்ராப்புக்குள்ள நடுவுல இன்னொரு உள் ஹப் இருக்கு, ரப்பரோ கெட்டி பிளாஸ்டிக்கோ, அது இருக்கறதே அடி பட்டா அது போய் கியர் தப்பிக்கணும்னுதான். இது கிழிஞ்சுட்டா இன்ஜின் ஏறும், போட் ஏறாது, ப்ராப்தான் தப்போன்னு நினைச்சு புதுசு வாங்கிடுவாங்க. ரப்பர் ஹப்பான்னு பாத்து, பின்னாடி உள் குழாய்லயும் வெளி ஹப்புலயும் ஒரே நேர்க்கோடா மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, ஒரு ரவுண்டு ஃபுல் த்ராட்டில் ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு ரெண்டா விலகியிருந்தா உள் ஹப் வழுக்கி சுத்துது. ரொம்ப மெதுவா ஓட்டினா பெரும்பாலும் கரைக்கு வந்துடலாம். ஹப்பை மட்டும் தனியா மாத்துற டைப் ப்ராப் வாங்கினா அடுத்த தடவை செலவு கம்மி. வாங்கும்போது ஷாஃப்ட்ல எத்தனை பல்லு, எந்த கியர்கேஸ்னு இன்ஜின் சீரியல் நம்பரை வெச்சு செக் பண்ணிக்கோங்க, மெர்குரி சைட்லயே ப்ராப் செலக்டர் இருக்கு, அது குடுக்குறது ஆரம்பப் புள்ளி, அங்கிருந்து உங்க டெஸ்ட் ஆர்பிஎம் வெச்சு ஒரு இன்ச் இப்படி அப்படி. திருப்பி எடுத்துக்குற கடையா பாத்து வாங்குங்க, சில கடைங்க கீறல் இல்லாம குடுத்தா வேற பிட்ச் மாத்தித் தருவாங்க. ப்ராப் ரிப்பேர் கடையில இருக்கற ப்ராப்பையே ஒரு இன்ச் பிட்ச் குறைச்சும் தருவாங்க, ஸ்டெயின்லெஸ் வெச்சிருக்கவங்களுக்கு அது லாபம்.

மாத்துறது அரை மணி நேர வேலைதான். சாவிய கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க, கில் ஸ்விட்ச் கயிறையும் (ஓட்டுறவர் உடம்புல மாட்டுறது, உருவினா இன்ஜின் நின்னுடும்) எடுத்துடுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க, பிளேடுக்கும் அந்த மேல் தட்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டைய கொடுத்து நட்டை கழட்டுங்க. கையால பிளேடை பிடிச்சுக்கிட்டு கழட்டாதீங்க, ஓரம் வெட்டும். நட்டுக்கு பின்னாடி பூட்டு வாஷரோ காட்டர் பின்னோ இருக்கும், அதை நேராக்கி எடுக்கணும். ப்ராப் வெளிய வந்ததும் கியர்கேஸ் பக்கம் இருக்கற த்ரஸ்ட் வாஷர் கூடவே வந்துடும், சில சமயம் ப்ராப்புக்குள்ளயே ஒட்டிக்கிட்டு பழைய ப்ராப்போட பெட்டிக்குள்ள போயிடும், அது இல்லாம புதுசை மாட்டினா ப்ராப் கியர்கேஸ்ல போய் உரசும். அந்த வாஷரோட சரிவு இருக்கற பக்கம் கியர்கேஸைப் பாத்து மாட்டணும். ஷாஃப்ட்டை சுத்தி தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு நல்லா பாருங்க, லேனியர்ல மீன் பிடிக்கிறவங்க அதிகம், கண்ணுக்கே தெரியாத அந்த நரம்பு தண்ணி புகாம தடுக்கற ஆயில் சீல அறுத்துடும், அப்புறம் தண்ணி கியர் ஆயில்ல கலந்து, வடிக்கும்போது பால் மாதிரி வெள்ளையா வரும். பல்லு முழுக்க மரைன் கிரீஸ் தடவி மாட்டினா அடுத்த வருஷம் சுத்தியல் இல்லாம கழட்டலாம்.

ப்ராப் பத்தி பேசிட்டு இதை சொல்லாம விட முடியாது. முன் கேட்டுக்கு வெளிய கால் தொங்கப் போட்டு உக்காந்து போற வேலைய யாரையும் பண்ண விடாதீங்க, பெரியவங்களா இருந்தாலும். பான்டூன்ல முன்னாடி விழுறவங்க ரெண்டு ட்யூபுக்கு நடுவுல நேரா ப்ராப்புக்குத்தான் போவாங்க, நிறைய ஸ்டேட்ல அது சட்டப்படியும் தப்பு. பின் ஏணியில பசங்க ஏறும்போது நியூட்ரல் போதாது, இன்ஜின் ஆஃப். கில் ஸ்விட்ச் கயிறு 2021 ஏப்ரல்ல இருந்து ஃபெடரல் சட்டம், 26 அடிக்கு கீழ உள்ள போட் வேகமா போகும்போது ஓட்டுறவர் மாட்டியிருக்கணும். அசிங்கமா இருக்குன்னு கழட்டி வெச்சுட்டு ஓட்டுற அண்ணனுங்க நிறைய பேரைப் பாக்குறேன்.

பழைய ப்ராப்பை வித்துடாதீங்க. என் ஃப்ரெண்டு அந்த 15 பிட்சை ஒரு பழைய பெட்ஷீட்ல சுத்தி பின் சீட்டுக்கு அடியில போட்டிருக்கான், கூடவே மிதக்குற பிளாஸ்டிக் ப்ராப் ரெஞ்ச், ஒரு உபரி நட்டு, பூட்டு வாஷர், த்ரஸ்ட் வாஷர், ஒரு மரக்கட்டை, எல்லாம் ஒரே டப்பாவுல. ஏரி நடுவுல பிளேடு போச்சுன்னா, இழுத்துட்டு வர டோ போட் கூப்பிடுற செலவுக்கு இன்னொரு அலுமினியம் ப்ராப்பே வாங்கிடலாம். ஓரமா இடுப்பளவு தண்ணியில நிறுத்தி இன்ஜினை முழுசா மேல தூக்கிட்டு மாத்திடலாம், நட்டை மட்டும் தண்ணிக்குள்ள போடாம இருந்தா சரி, அதுக்குத்தான் உபரி நட்டு ஒண்ணுக்கு ரெண்டா வெச்சுக்கோங்க.